நீக்கம்மா எடை போட்ட பீரங்கி வண்டி

குட்டி ஓட்டுநரை வெளியே எடுத்து வைத்த மறுநிமிடம், நானூற்றுப் பன்னிரண்டு கிராம் இருந்த பொம்மைப் பீரங்கி வண்டி பதினோரு கிலோ முந்நூறு கிராம் ஆனது. நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் பொம்மைப் பரிசோதனைக் கூடத்தில். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பரிசோதகி பெட்டியைப் பிரித்தாள். ‘இரண்டு வயது முதல்’ என்று மேலே அச்சடித்திருந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வழிமுறைத் தாளில் இருந்த இருபத்தேழு படங்களையும் வரிசையாகப் பின்பற்றி வண்டியை ரோபோவாக மாற்றினாள். பீரங்கிக் குழாய் முதுகுக்குப் போனது, சக்கரப் பட்டைகள் இரண்டும் கைகளாக நீண்டன, மேல்மூடி பிளந்து மார்பானது, அதற்குள்ளிருந்து சிடுசிடுத்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பதினான்காவது படத்தில் இடது முழங்காலைத் தவறான பக்கம் மடக்கச் சொல்லியிருந்தார்கள். நம்பி மடக்கினால் உடையும். அதைக் குறித்துக்கொண்டாள். பச்சைச் சாயம் கையில் ஒட்டவில்லை, குழாயின் நுனி குத்தவில்லை, மூட்டுகள் கடக் கடக்கென்று கச்சிதமாகப் பூட்டின. மறுபடியும் வண்டியாக்கித் தராசில் வைத்தாள். மூடிக்குக் கீழே சுண்டுவிரலின் ஒரு கணு உயரத்துக்கு ஒரு குட்டி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான், தலைக்கவசமும் போட்டு, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. அவனை இரண்டு விரலால் எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டாள். தராசின் எண்கள் ஓடத் தொடங்கின.

எண்கள் நின்றபின் அவள் செய்ததெல்லாம் முறைப்படியான வேலைகள்தாம். தராசை அணைத்துப் போட்டாள். சோதனை எடைக்கட்டிகளை வைத்துப் பார்த்தாள். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோதான் காட்டியது. பக்கத்து அறைத் தராசை வாங்கி வந்து அதிலும் வைத்தாள். பதினோரு கிலோ முந்நூறு. மேலாளரைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன அவருக்கு. அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தால் போதும் என்பதே அவருடைய ஒரே கோரிக்கை.

“தராசு சரியா இருக்கு சார். மூணு தடவ பாத்துட்டேன்.”

“தராசு சரியா இருந்தா நீதான் சரியா இல்லன்னு அர்த்தம். டீ குடிச்சியா?” என்று கேட்டுக்கொண்டே அவர் வண்டியை ஒரு கையால் தூக்கப் போனார். பிறகு இரண்டு கையால் தூக்கினார். அதற்கப்புறம் டீயைப் பற்றி அவர் பேசவில்லை. படிவத்தில் ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எழுது, மூன்று வரிக்கு மேல் போகாதே என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஓட்டுநரை உருளைக்குள் போட்டுப் பார்த்தாள். உருளை என்பது அந்தக் கூடத்தில் கோயில் மணி மாதிரி. அதைத் தொடாமல் யாருடைய நாளும் போகாது. மூன்று வயதுக் குழந்தையின் தொண்டை அளவுக்குச் செய்த எஃகுக் குழாய் அது. ஒரு பொருளை அதில் போட்டால், யாரும் அழுத்தாமல், தன் எடையாலேயே முழுக்க உள்ளே அடங்கிவிட்டால், அது குழந்தையின் தொண்டையிலும் அடங்கும் என்று கணக்கு. குட்டி ஓட்டுநர் உள்ளே போனான். தலைக்கவசம்கூட வெளியே தெரியவில்லை. தோல்வி என்று எழுதி, அவனை ஒரு தாள் உறையில் போட்டு, எண் எழுதி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிரித்து எடுத்த பகுதியை ஆய்வு முடியும்வரை தாய்ப்பொருளோடு சேர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி இருபத்தாறு கிலோ இருந்தது. அலமாரியைத் திறந்தால் உறை வைத்த இடத்தில் இல்லை. மேல்தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையால் கீழே இழுத்தாள். விட்டதும் மெதுவாக மறுபடியும் மேலே போனது. அதையும் எழுதினாள். மூன்று வரி தீர்ந்துபோனது.

அவளுக்குக் கூடத்தில் நீக்கம்மா என்று பெயர். ‘சிறு பகுதியை நீக்கவும்’ என்று அவள் எழுதாத அறிக்கையே கிடையாது என்பதால் வந்த பெயர். ஆரம்பத்தில் அவள் அப்படி இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் அவள் தேர்ச்சி கொடுத்த ஒரு ரப்பர் வாத்தின் வயிற்றுக்குள் இருந்த, அழுத்தினால் கீச்சிடும் ஊதி, எங்கேயோ ஒரு வீட்டில் வெளியே வந்து, பதினான்கு மாதக் குழந்தையின் தொண்டையில் போய் நின்றது. குழந்தை பிழைத்துக்கொண்டது. நீக்கம்மாதான் பிழைக்கவில்லை என்று மேலாளர் சொல்வார். அதற்கப்புறம் அவள் தேர்ச்சி கொடுப்பது அபூர்வமாகி, பொம்மைக் கம்பெனிக்காரர்கள் படியேறும்போதே அவள் இன்று விடுமுறையா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அவளுக்கே ஒரு குழந்தை பிறந்தபோது நிலைமை கையை மீறியது. பழைய உருளை ஒன்றைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். சட்டைப் பொத்தான், பாட்டில் மூடி, திராட்சை, ரிமோட்டின் பாட்டரி, பேனா மூடி, கணவனின் சாவிக்கொத்தில் தொங்கிய சிறு குண்டு, எல்லாவற்றையும் உருளையில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் அடங்கின. உலகம் மொத்தமும் அந்த அளவில்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பொடிசு என்று அவர்கள் கூப்பிடும் மகள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அவள் ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்து தின்றதில்லை.

பொடிசுக்கு மூன்று வயதாக இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொத்தான் விவகாரம் நடந்தது. குழந்தை எதையோ மெல்லுகிறாள் என்று நினைத்து நீக்கம்மா பாய்ந்துபோய் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். வாயில் ஒன்றும் இல்லை. பொத்தான் குழந்தையின் கையில் இருந்தது. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. குழந்தை அழவில்லை, அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள். அன்று சாயங்காலம் நீக்கம்மா ஒரு தாளை எடுத்து வீட்டில் நீக்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கினாள். முந்நூற்றுப் பதினேழு வந்தபோது பேனாவை வைத்தாள். நீக்க வேண்டியவை இத்தனை இருந்தால், பொருளை மாற்ற முயலாதே, ஆபத்துக்கு உள்ளாகும் ஒன்றை அங்கிருந்து அப்புறப்படுத்து என்பது அவளுடைய வேலையில் சரியான முடிவு. அதில் யாரும் குற்றம் காண முடியாது. அடுத்த வாரமே பொடிசை நான்கு மணி நேரப் பயணத்தில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். நாத்தனார் ஓய்வுபெற்ற நர்ஸ். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள், எதற்கும் பதறாதவள். கொஞ்ச நாள்தான், எனக்கு இந்தப் பயம் தெளியட்டும் என்று நீக்கம்மா சொன்னாள். கணவன் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். பீரங்கி வண்டி வந்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து.

அந்த ஐந்து வாரத்தில் வீட்டில் ஒரு நாற்காலி உடைந்திருந்தது. அவளுடைய செருப்பு மூன்று வாரத்தில் தட்டையாகிப் போனது. கட்டில் சட்டம் நடுவில் விரிசல் விட்டது. நாற்காலிக் கம்பெனிக்கும் செருப்புக் கம்பெனிக்கும் கட்டில் கம்பெனிக்கும் தனித்தனியாகத் தரக்குறைவுப் புகார் எழுதி அனுப்பியிருந்தாள். தவறு பொருளில் இருக்கும் என்று தேடிப் பழகிய கண்ணுக்கு வேறு இடம் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் வண்டி ஐம்பத்தெட்டு கிலோ. ஓட்டுநரை மறுபடியும் உருளையில் போட்டால், உள்ளே விழாமல் அதன் வாய்க்கு மேலேயே மிதந்தான். மேசை தாங்காது என்று தரையில், சுவரோரம் இறக்கினார்கள். கீழ்மாடியில் இருந்த பல் மருத்துவர் மேலே ஏறி வந்து, வாயைத் திறந்து படுத்திருக்கிற ஆளின் வாயில் கூரைச் சுண்ணாம்பு உதிர்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மேலாளர் ஒரு பொம்மையைச் சோதிக்கிறோம் என்று உண்மையைச் சொன்னார். மருத்துவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அதே நாள் மத்தியானம் நீக்கம்மா சாப்பிட்டுவிட்டு லிப்டில் ஏறினாள். உள்ளே வேறு யாரும் இல்லை. ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருந்த லிப்ட், அதிக எடை என்று மணியடித்துக்கொண்டு கதவைச் சாத்த மறுத்தது. அவள் இறங்கினால் மணி நின்றது, ஏறினால் அடித்தது. காவலாளி லிப்ட் கம்பெனிக்குப் போன் செய்தான். வந்த மெக்கானிக் அவளுடைய கணவன்.

அவன் ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்தான். இருபது கிலோ எடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினான். இருபது கட்டிவரை லிப்ட் வாயைத் திறக்கவில்லை. இருபத்தொன்றாவதை வைத்ததும்தான் மணியடித்தது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மனைவியை ஏறச் சொன்னான். மணியடித்தது. லிப்டில் கோளாறு இல்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆள் அப்படியேதான் இருந்தாள், சொல்லப்போனால் கன்னம் ஒட்டிக் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தாள்.

“எத்தன நாளா இப்படி?” என்றான்.

“எப்படி?”

“படி ஏறும்போது சத்தம் வருது. நான் லாரி ஏதோ போகுதுன்னு நெனச்சேன்.”

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. லிப்டைச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்று புருஷனைத் திட்டிவிட்டு விடுவிடுவென்று படியில் ஏறிப் போனாள். மூன்றாவது மாடியில் ஒரு படியின் விளிம்பு பெயர்ந்து விழுந்தது.

நாத்தனாரின் போன் வந்தது வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. அப்போது நீக்கம்மா கீழே குந்தி உட்கார்ந்து வண்டியின் இடது சக்கரப் பட்டையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். வண்டி நூற்று நான்கு கிலோ ஆகியிருந்தது. ரோபோவாக மாற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டார்கள். நாத்தனார் முப்பது வருடம் வார்டில் நின்றவள் என்பதால், கெட்ட செய்தியையும் காய்ச்சல் அளவைச் சொல்வது போல்தான் சொல்வாள்.

“பதறாம கேளு. பொடிசு எடை கொறஞ்சிட்டே வர்றா. வந்தப்போ பன்னெண்டு கிலோ. போன வாரம் ஆறு. நல்லாத்தான் சாப்புடுறா, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலத்துலேர்ந்து கால் தரையில நிக்க மாட்டேங்குது.”

“நிக்க மாட்டேங்குதுன்னா? என்ன அண்ணி சொல்றீங்க?”

“மெதக்குறாம்மா. ஜன்னலெல்லாம் சாத்திட்டேன். ஃபேனப் போடல. இடுப்புல துப்பட்டாவக் கட்டி ஜன்னல் கம்பியில முடிஞ்சிருக்கேன். கவுன் பாக்கெட்டுல கூழாங்கல்லு போட்டு வச்சிருக்கேன், அதனால கொஞ்சம் எறங்கியிருக்கா.”

மகள் அந்தரத்தில் நிற்கிறாள் என்பது நீக்கம்மாவுக்குள் இறங்கவே நேரம் பிடித்தது, அதற்கு முன்னால் வாய் தானாகக் கேட்டுவிட்டது: “கல்லு என்ன சைஸ் அண்ணி?”

எதற்கும் பதறாத நாத்தனார் குரல் உடைந்து பேசினாள். “நீ எங்கிட்ட ஒரு பிள்ளைய அனுப்பல. உன் வீட்டுல இருந்த சின்ன பகுதிய நீக்கிட்ட. கல்லு சைஸா கேக்குற? அது தெனம் கதவப் பாத்துக்கிட்டு நிக்குது. வந்து பாரு.”

போன் வைக்கப்பட்டது. நீக்கம்மா தரையில் கிடந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் ஒட்டியிருந்த உறையைப் பறித்து, விதியை மீறினாள். ஓட்டுநர் அவள் விரல்களுக்கிடையே சோப்பு நுரை மாதிரி மேலே மேலே எழும்பினான். அவனை வண்டியின் மூடிக்குக் கீழே உட்கார வைத்து விரலை எடுத்தாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். வண்டியை ஒரு கையால் தூக்கித் தராசில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். ஓட்டுநரை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்; எண்கள் ஏறி ஏறி இறங்கின. எந்தச் சோதனையையும் மூன்று முறை செய்ய வேண்டும் என்பதால் மூன்றாவது முறையும் செய்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, நாற்பது வயதுப் பெண் அலுவலகத்தில் அழக்கூடாத விதத்தில் அழுதாள்.

அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் அந்த அழுகை. குழந்தையைத் திருப்பிக் கூட்டிவர வேண்டும். கூட்டிவந்தால் அந்த முந்நூற்றுப் பதினேழு பொருள்களும் அதே வீட்டில் அப்படியே இருக்கும். அதைவிடவும், அந்த ஈறைக் கிழித்த விரல் அவள் கையிலேயே இருக்கும். கூட்டிவராவிட்டால் என்றைக்காவது யாரோ ஒரு ஜன்னலைத் திறப்பார்கள். இரண்டு பக்கமும் பயம் நின்றது. இரண்டில் எது பெரியது என்று சொல்ல அவள் படித்த எந்த முறையிலும் வழி இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். கம்பெனிக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள், அறிக்கை இன்றே வேண்டும் என்றார். புதன்கிழமை ஓட்டுநரை உருளையில் போட்டபோது அவன் உள்ளே விழாமல் மேலே மிதந்தானே, விதிப்படி தன் எடையாலேயே அடங்கவில்லை என்றால் தேர்ச்சிதானே, அதை எழுதிவிடேன் என்று மெல்ல ஆலோசனையும் சொன்னார். இல்லாவிட்டால் வழக்கம்போல நீக்கவும் என்று எழுது, அவர்கள் ஓட்டுநரைத் தூக்கிவிட்டு வண்டியை மட்டும் விற்றுக்கொள்வார்கள் என்றார். நீக்கம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு படிவத்தை இழுத்தாள். முடிவு என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதினாள். ‘சிறு பகுதி ஆபத்தானது. சிறு பகுதியை நீக்கக் கூடாது.’

மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். “இதுல எதும்மா?”

“ரெண்டும்தான் சார்.”

பேருந்தில் அவள் போக முடியாது என்று கணவன் சொன்னான். கூடத்தின் பெரிய தராசில் அவளை நிறுத்திப் பார்த்தபோது நானூற்று முப்பது கிலோ காட்டியது. லிப்டுக்கு எதிர்ப்பாரமாகக் கட்டித் தொங்கவிடும் இரும்புப் பாளங்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்று கம்பெனியில் இருந்தது. பாளங்களை இறக்கிவிட்டு, அவை இருந்த இடத்தில் ஒரு மெத்தையைப் போட்டு அவளை உட்கார வைத்தான். அவன் ஓட்டினான். வழியில் அவர்கள் இரண்டே வார்த்தைதான் பேசினார்கள். மேகமூட்டமாக இருக்கிறதே, காற்றடிக்குமா என்று அவள் கேட்டாள். அடிக்காது என்று அவன் சொன்னான். அவனுக்கும் தெரியாது. மரங்கள் லேசாக அசைந்தாலும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நாத்தனார் வீட்டு முன்னறையில் பொடிசு கூரைக்கு ஒரு முழம் கீழே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் நீலத் துப்பட்டா, அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில். கவுன் பாக்கெட் இரண்டும் உப்பியிருந்தன. அணைத்து வைத்த மின்விசிறியின் இறக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஒரு கூழாங்கல்லை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்றதைக் கண்டதும், பேச்சு வராத நேரங்களில் எல்லாக் குழந்தைகளும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டாள்.

நீக்கம்மா ஒரு அடி எடுத்து வைத்தாள். தரைக்கல் உடைந்தது. எந்த நாற்காலியும் அவளைத் தாங்காது. கத்தினால் குழந்தை திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுக்கும், மூச்சோடு கல்லும் போகும்; அது அவளுக்குப் பாடமாகத் தெரியும், அந்த வாத்துக்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் அதுதான். பின்னால் வந்த கணவனையும் நாத்தனாரையும் கையைக் காட்டி நிறுத்தினாள். நான்கு வருடங்களாக அவள் கனவில் கண்ட அந்தக் கணம் இதுதான். கனவிலெல்லாம் அவள் பாய்ந்துபோய் விரலை விடுவாள். இப்போது அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள், விரல் ஒன்றுகூடக் குழந்தையின் கண்ணுக்குப் படாதபடி. பிறகு தலையை மேலே தூக்கி, சாப்பாட்டு நேரத்தில் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

“அம்மாக்கு?”

பொடிசு யோசித்தாள். கன்னத்தின் ஒரு பக்கம் கல் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

“அம்மாக்குக் குடுக்க மாட்டியா? நீ மட்டும் திங்கிறியா?”

குழந்தை விசிறியின் இறக்கையை விட்டாள். துப்பட்டா தளர்ந்தது. நிதானமாக, படிக்கட்டில் இறங்குவது போல ஒவ்வொரு காலாகக் கீழே வைத்து, காற்றில் இறங்கி வந்தாள். இறங்க இறங்கக் கன்னம் கனத்தது, கவுன் தொங்கியது, தலைமயிர் படிந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராக வந்ததும் வாயிலிருந்த கல்லை எடுத்து, எச்சில் வழிய, அம்மாவின் வாயில் திணித்தாள். பிறகு முழுசாகப் பன்னிரண்டு கிலோவும் அவள் மேல் விழுந்தது. நீக்கம்மா முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் நின்ற தரைக்கல் அதற்குமேல் உடையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள். எதற்கும் பதறாதவள் வாயிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்லை வாயிலேயே அடக்கிக்கொண்டு நீக்கம்மா வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வீடுவரை வந்தாள். வழியெல்லாம் பொடிசு அம்மாவின் வாயைத் திறந்து திறந்து அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அந்த அறிக்கையைக் கம்பெனிக்காரர்கள் முதலில் கிழித்துப் போட்டார்கள். ஓட்டுநர் இல்லாமல் நாற்பது வண்டிகளை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பினார்கள். அவை மூன்றாம் நாள் அலமாரிகளை உடைத்து, ஏழாம் நாள் தரையில் இறங்கின. ஒரு கடையில் வண்டி போன பள்ளம் கிணறாகிவிட்டது என்றும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றும் செய்தி வந்தது. அதன்பிறகு அறிக்கையைத் தேடி எடுத்து ஒட்டிப் படித்தார்கள். ஓட்டுநரை உருளைக்குள் அடங்காதபடி எலுமிச்சம்பழப் பருமனுக்குப் பெரிதாக்கினார்கள். அவனுக்காக மூடியையும் அகலமாக்கினார்கள். பதினான்காவது படத்தையும் திருத்தினார்கள். நீக்கம்மா மறுபடியும் சோதித்துத் தேர்ச்சி கொடுத்தாள். நான்கு வருடங்களில் அவள் கொடுத்த மூன்றாவது தேர்ச்சி அது. மேலாளர் ஒன்றும் நடக்காமலே ஓய்வுபெற்றார்.

வீட்டில் அந்த முந்நூற்றுப் பதினேழு பொருள்களில் பாதி அப்படியே இருந்தன. பொடிசு ஒரு பொத்தானை வாயில் போட்டால் நீக்கம்மாவுக்கு அப்போதும் பயம்தான். கையை நீட்டி ‘அம்மாக்கு?’ என்பாள், பொத்தான் வந்துவிடும். ஒருமுறை வரவில்லை, குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் நாலு தட்டுத் தட்டித்தான் வரவழைத்தார்கள். அன்று முழுக்க நீக்கம்மா அவளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள். குழந்தையை எங்கேயும் அனுப்பவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். முதல் நாள் பதினொரு மணிக்கே வகுப்பு ஆசிரியை போன் செய்தாள், உங்கள் பெண் கொஞ்சம் மேலே நிற்கிறாள் என்று. எவ்வளவு என்று நீக்கம்மா கேட்டாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி முனக ஆரம்பித்திருந்தது. ஒரு சாண் இருக்கும் என்று பதில் வந்தது. ஜன்னல் சாத்தியிருக்கிறீர்களா என்று இவள் பதறினாள். “எல்லாப் பிள்ளைங்களுக்கும் சேத்துதாங்க சாத்தியிருக்கோம். மொத வாரம் இப்படித்தான்” என்று ஆசிரியை சொல்லிவிட்டு, மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்த ஒரு பையனைக் கீழே இறங்கு என்று அதட்டப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விடும் நேரத்துக்கு நீக்கம்மா வாசலில் போய் நிற்பாள். குழந்தை அவளைக் கண்டு இறங்குவதற்குள், செருப்புக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குனிந்து அளந்துகொள்வாள். ஐந்து வயதில் நான்கு விரல் இருந்தது. ஏழு வயதில் இரண்டு விரல். ஒன்பது வயதில் விரல் நுழையவில்லை. படிவத்தாள் ஒன்றைச் செருகினால் தட்டாமல் அந்தப் பக்கம் வந்தது. பொடிசுக்குப் பத்து வயதானபின் ஒரு செவ்வாய்க்கிழமை, தாள் செருப்பின் விளிம்பில் முட்டி மடங்கியது. இன்னொரு பக்கமாகச் செருகிப் பார்த்தாள். மூன்றாவது முறையும் பார்த்தாள். “என்னம்மா பண்ற, எல்லாரும் பாக்குறாங்க” என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, தோழிகளோடு பேசியபடி முன்னால் நடந்தாள். காலடிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

மறுநாள் பொடிசு வகுப்பில் இருக்கும் நேரத்தில் நீக்கம்மா கூடத்தின் பெரிய தராசில் ஏறி நின்றாள். அறுபது கிலோ முந்நூறு. அவளுடைய சொந்த எடை ஐம்பத்தெட்டு. எடைக்கட்டிகளை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் ஏறினாள். அந்த இரண்டு கிலோ முந்நூறு அங்கேயேதான் இருந்தது. சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தபின்னும் இருந்தது. மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போனபோது கூடவும் இல்லை, அவள் வேலை கிடைத்து வந்தபோது குறையவும் இல்லை. எடை எவ்வளவு என்று யாராவது கேட்டால், ஐம்பத்தெட்டு, மேலே ஒரு இரண்டு என்று சொல்வாள். அந்த ஊரில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.